தீயணைப்பான் தொங்கவேண்டிய இடம்

தீயணைப்பானை வாசலுக்குப் பக்கத்தில்தான் மாட்டவேண்டும், ஐயா. அநேகமானவர்கள் நெருப்பு வரக்கூடிய இடத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அடுப்பு பற்றினால், அடுப்புக்கு மேலே தொங்குவதை யார் எடுப்பது? வாசலருகே இருந்தால், எடுக்க ஓடுகிறவர் வெளியே போகும் பக்கமாக ஓடுவார். எடுத்துக்கொண்டு திரும்பும்போது நெருப்பு அவருக்கு முன்னால் இருக்கும், வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அணைக்க முடியாவிட்டால் அப்படியே பின்வாங்கிப் போய்விடலாம்.

மன்னாரில் நடந்த பயிற்சியில் இதைச் சொல்லித் தந்தார்கள். தலைமன்னார்த் தையல் நிலையத்தில் எனக்குக் காவல் வேலை கிடைத்த புதிது அது.

நீங்கள் நெருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வீட்டிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

இந்தியாவுக்குப் படகேறியபோது எனக்கு மீசை அரும்பவில்லை. மண்டபம் முகாமில்தான் வளர்ந்தேன். அங்கேதான் மெற்றில்டாவைக் கட்டினேன். எங்கள் மூத்த மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்ததும் அங்கேதான். சண்டை முடிந்ததும் ஊருக்குப் போவோம் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். பிள்ளையின் குழியை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவள் கேட்டாள். வீடு இருக்கிறது, காணி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவளையும் சின்னவள் அனுஜாவையும் கூட்டிவந்தேன். வந்து பார்த்தால் வீடு இருந்த இடத்தில் உடைமரம் அடர்ந்து நின்றது. கடல்தொழிலும் எனக்குத் தெரியாது. முகாமில் நான் சுவருக்குப் பெயின்ற் அடித்துப் பிழைத்தவன்.

அந்தக் காவல் வேலைதான் எங்களை இந்த மண்ணில் பிடித்துவைத்திருந்தது. திரும்பிவந்த பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் கட்டிய நீளக் கட்டடம். முன்னால் ஒரு வாசல், பின்னால் ஒரு வாசல். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. இரண்டு வாசலிலும் கை எட்டும் உயரத்தில் கொழுவி அடித்து, வாசலுக்கொன்றாகத் தீயணைப்பானை மாட்டியவன் நான். ஒவ்வொரு மாதமும் பெண்களைக் கூட்டிவைத்துப் பாடமும் நடத்தினேன். முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஸுஹறா மட்டும் சிரிப்பதில்லை. புத்தளம் முகாமிலிருந்து திரும்பிவந்தவள். அங்கே ஓலைக் கொட்டில் வரிசை எரிந்ததைக் கண்ணால் கண்டவள்.

"அண்ணன், இந்த ஊசியை இழுத்துட்டுத்தானே அமத்தணும்?" என்று என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகினாள். ஒருநாள், "முன்வாசல் சிலிண்டர் வேலை செய்யாட்டி?" என்றாள்.

"பின்வாசலுக்கு ஓடு பிள்ளை. அங்கயும் கதவு இருக்கு. வெளியால போகலாம்" என்றேன்.

அவள் மனப்பாடம் செய்துகொண்டாள். என்னுடைய பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்ட ஆள் வேறு யாரும் இல்லை, மெற்றில்டா உட்பட.

பிறகு ஒருநாள் பொறுப்பாளர் ஜெயகௌரி என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்.

"அருளப்பு அண்ணை, கோவிக்காதேங்கோ. காவலுக்கு இனி ஆள் தேவையில்லையாம். கொழும்புத் தலைமைக் கந்தோரில இருந்து வருகினம். வந்து பாத்துப்போட்டு முடிவு சொல்லுவினம்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மெற்றில்டா கட்டிலுக்குக் கீழிருந்த பையை இழுத்துத் தூசு தட்டினாள்.

"இந்த வேலையும் போச்சுதெண்டா நான் பிள்ளையோட படகேறுறன். அங்க என்ரை மகனாவது கிடக்கிறான். இஞ்ச எனக்கு என்ன கிடக்கு?"

அவள் சொன்னதைச் செய்பவள், ஐயா. கள்ளப் படகில் ஏறியவர்கள் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டுத் தண்ணீரில்லாமல் கிடந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. அனுஜா அந்தத் திட்டில் நிற்பதை நான் விழித்துக்கொண்டே கண்டேன். கோயிலில் முழங்காலில் நின்றேன். ஜெயகௌரியிடம் மூன்று முறை கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் யோசித்தேன். காவலாளி தேவை என்பது காவலாளி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கண்டால்தான் தெரியும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதைத் தங்கள் கண்ணால் காணவேண்டும். சிறிய நெருப்பு. நான் ஓடிப்போய் அணைப்பேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஸுஹறா. கொழுவியில் சிலிண்டர் இருந்தால், நான் வந்து சேர்வதற்குள் அவளே அணைத்துவிடுவாள். அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அதனால் பெண்கள் வெளியே நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டையும் கழற்றி என் காவல் அறைக்குக் கொண்டுபோனேன். கட்டடத்தின் நடுவில் திரைச்சீலை கட்டி மறைத்த ஒரு மூலையில் தலையணைப் பஞ்சு மூட்டைகள் கிடந்தன. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரு மூட்டையில் சாய்த்து வைத்தேன். பஞ்சு மெதுவாகப் புகையும் என்றுதான் கணக்குப் போட்டேன். பெண்கள் உள்ளே திரும்பிவந்த பிறகு கூச்சல் எழட்டும் என்று என் அறையில் காத்திருந்தேன். ஆளில்லாத கட்டடத்தில் நெருப்பை அணைத்தால் துணியைக் காப்பாற்றிய மாதிரித்தான் இருக்கும்.

கொழும்பு ஆட்கள் கந்தோரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது முதல் கூச்சல் கேட்டது. நான் இரண்டு சிலிண்டரோடும் முன்வாசலுக்கு வந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டி வெளியே ஓடினார்கள். கொழும்பு ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுவரைக்கும் எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது.

ஆனால் பஞ்சுக்குள் நுரை மெத்தைத் துண்டுகளும் கலந்திருந்ததை நான் அறியவில்லை. கறுப்புப் புகை கூரையைத் தொட்டது.

ஜெயகௌரி இருமிக்கொண்டே என் கையைப் பிடித்தார். "அண்ணை, ஸுஹறா வெளியால வரேல்லை. முன் கொழுவியைத் தடவிப் பாத்துப்போட்டு, பின்னால இருக்கு, பின்னால இருக்கு எண்டு உள்ளுக்கு ஓடினவள்."

"பின் கதவால போயிருப்பாள்" என்றேன்.

பின் கதவை நான் வெளியிலிருந்து பூட்டியிருந்தேன், ஐயா. எல்லோரும் முன்பக்கத்தால் வரவேண்டும், முன்பக்கத்தில் நான் நிற்கவேண்டும் என்பதற்காக. திறப்பு என் காற்சட்டைப் பையில் இருந்தது.

பின்பக்கம் தகரக் கதவு. அங்கிருந்து சத்தம் கேட்டது. கூரையின் அஸ்பெஸ்டஸ் சீற்று வெடிக்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். சீற்று வெடித்தால் ஒருமுறை வெடிக்கும். இது நின்று நின்று கேட்டது. சுற்றிக்கொண்டு ஓடினால் திறந்திருக்கலாம். தூரமில்லை. ஆனால் பூட்டைத் திறக்கிற ஆளைக் கண்டால், பூட்டியது யார் என்று கேட்பார்கள். நான் முன்னால் நின்று அணைத்துக்கொண்டே இருந்தேன். முதல் சிலிண்டர் தீர்ந்ததும் இரண்டாவதை எடுத்தேன். அது தீரும்போது சத்தமும் நின்றுவிட்டது.

பின்பக்கம் முதலில் போனவன் நான்தான். பூட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டேன். அது கொதித்துக்கொண்டிருந்தது. ஸுஹறா வெறும் கொழுவிக்குக் கீழே கிடந்தாள்.

ஜனாசா முடிந்த பிறகு அவளுடைய கணவர் அப்துல் ஹமீட் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க உங்களால ஏண்டதச் செஞ்சீங்க. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான்" என்றார். கொழும்புக்காரர்கள் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். மெற்றில்டா பையை மறுபடியும் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். அன்றிரவு அனுஜா என் நெஞ்சில் தலைவைத்துத் தூங்கினாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் தொடையில் பூட்டின் அளவில் சதுரமாக விழுந்த சூட்டைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் டொக்டர் உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும். அவரில் எனக்குக் கோபமில்லை. தீ வைத்ததும் நான், சிலிண்டரைக் கழற்றியதும் நான், கதவைப் பூட்டியதும் திறக்காமல் நின்றதும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைக்கிறேன்.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் திருத்தி எழுதுங்கள், ஐயா. நான் தெரிந்துகொண்டே ஸுஹறாவைச் சாகவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. கதவைத் தட்டுவது அவள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. யாரோ ஒரு பெண் என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.