உள்ளிருந்து தட்டிய கார்

வணக்கத்துக்கு முன்னால் ஒரு மானக்கேட்டை இறக்கி வைத்துவிடுகிறேன். நான் இப்போதெல்லாம் எந்தக் கதவையும் தட்டுவதில்லை. அப்படித் தட்டாமல் திறந்ததில், போன வாரம் உள்ளே என் மாமனார் குளித்துக்கொண்டிருந்தார். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். என்னைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்க்கிறார்.

துருவையும் தூசியையும் என்னையும் பொறுத்தருளும் தலைவர் அவர்களே, பழைய கார்களைப் பெற்ற பிள்ளையாய்ப் பேணும் பெரியோர்களே, அந்தப் பெரியோர்களையும் சேர்த்துப் பேணும் தாய்மார்களே! அனைவருக்கும் பணிவான வணக்கம்.

அதோ, கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்களே, அது என் அத்தானின் கார். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு கொட்டகை ஈரத்திலேயே நின்றது. தரைத்தகடு சல்லடை, கதவுகள் துருவேறி இறுகிவிட்டன. இந்தச் சங்கத்தார் கறாராகச் சொன்னார்கள்: வண்டியின் உடம்பு தாங்கினால் இந்தக் கூடத்தில் வைப்போம், தாங்காவிட்டால் அறுத்துப் பாகங்களாக எடுத்துக்கொள்வோம். அக்காவுக்கு அவர் விட்டுப்போனது அந்தக் கார் ஒன்றுதான்.

காரை மதிப்பிடச் சங்கம் அனுப்பிய ஒரு பெண்மணி வந்தார். தகட்டுக்குத் தகடு காந்தம் வைத்துப் பார்த்தார். பிறகு சின்ன மரச்சுத்தியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். நல்ல இரும்பு கணீரென்னும். செத்த இரும்பு சொத்தென்னும். பின்கதவைத் தட்டினார். சொத்.

உள்ளிருந்து, டொக் டொக்.

நான் எங்கே போனேன் என்று கேட்காதீர்கள். கொட்டகைக்கு வெளியே நின்றுதான் எனக்குத் தைரியம் வரும். அந்த அம்மாள் அசரவில்லை. கதவுக்குள் துருச்செதில் உதிர்கிறது, வேறொன்றுமில்லை என்றார். மழைத்தண்ணீர் வடியக் கதவின் அடியில் இருக்கும் துளையில் குழாயை விட்டு, அத்தனை செதிலையும் உறிஞ்சி எடுத்தார். தட்டு நிறையச் செந்தூள். மறுபடியும் தட்டினார்.

டொக் டொக்.

பின்வரிசையில் யாரோ எலி என்கிறார்கள். ஐயா, எலி தட்டும். தட்டிவிட்டு, நம் முறை முடியட்டும் என்று காத்திருக்குமா?

அக்கா மெல்ல வந்து கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"உள்பக்கக் கைப்பிடி ஒடஞ்சிருக்கும்மா. அவரு ரெண்டு தட்டு தட்டுவாரு, நான் போய்த் தொறந்து விடுவேன். இத அறுத்துடாதீங்க."

அந்த அம்மாள் சுத்தியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். "அறுக்க மாட்டாங்கக்கா. நான் சொல்லிக்கிறேன்."

அப்புறம் நடந்தது வைத்தியம். மென்தூரிகையால் உதிரும் துருவை மட்டும் உதிர்த்தார். ஒட்டி நின்ற துருவைத் தொடவில்லை. உலர்த்தினார், மெழுகு பூசினார், அடியில் முட்டுக் கொடுத்தார். பளபளப்பு எங்கே என்கிறீர்களா? பளபளப்பாக்குவதா பாதுகாப்பது? சாயத்தைப் பூசிச் சரித்திரத்தை மறைப்பதா சாமர்த்தியம்? காலம் கடித்த தழும்பைக் காட்டிக்கொண்டே நிற்பதல்லவா கம்பீரம்? துருவைத் துடைக்கலாம்; துணையாய் இருந்தவரைத் துடைக்கலாமா? இரும்பு இற்றுப்போகலாம், இருந்தவர் இற்றுப்போவாரா? போகமாட்டார்! தட்டுவார்! திறக்க ஓர் ஆள் இருக்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கதவைக் கதவாகவே விட்ட அந்த அம்மாளுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கிட்டே போங்கள்.

ஒரு சின்னத் தகவல். தட்டல் கேட்டது வலப்பக்கப் பின்கதவில். அத்தான் என்றைக்கும் உட்கார்ந்தது பின்சீட்டில் இடப்பக்கம்தான் என்று அக்கா இன்று காலையில்தான் சொன்னாள்.