நிகழ்ச்சி நிரலில் ஆறாவது

நிர்வாக சபைக் கூட்டத்தில் தின்பதற்கு எதுவும் வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. பத்து வருடமாகச் சொல்லியும் எவரும் கேட்கவில்லை. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஏதாவது ஒரு கடையிலிருந்து, எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் ஒரு பெட்டி வந்துவிடும். தின்ற விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, அதே விரலால் தீர்மானத் தாளைப் புரட்டுவார்கள். எங்கள் பள்ளியின் பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் எண்ணெய்க் கறை. பார்த்தால் எனக்குக் குமட்டும்.

மதாம், இந்த விசாரணைக்கு நீங்கள் அழைத்த மொழிபெயர்ப்பாளர் புதுச்சேரிக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் நான் பேசும் யாழ்ப்பாணத் தமிழில் பாதி அவருக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் வாக்குமூலத்தை எழுதித் தர அனுமதி கேட்டேன். பெயர் வாமதேவன். வயது அறுபத்தொன்று. இந்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்தும் சங்கத்துக்குப் பதினொரு வருடமாகத் தலைவர். இந்தப் பதினொரு வருடத்தில் எங்கள் சபை எடுத்த ஒவ்வொரு தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது. அது தற்செயல் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் வருவதற்கு முன் இந்தப் பள்ளி இரண்டு தடவை உடைந்தது. ஒரு தடவை ஆண்டு விழாவில் யார் விளக்கேற்றுவது என்பதில். மற்றது எதில் என்று சொல்லவே வெட்கம். பெரிய மனிதர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவர் சேட்டுக் கொலரை ஒருவர் பிடித்து இழுத்தார்கள், ஒருவர் துப்பினார். அந்த எச்சில் என் காலில் இருந்த சப்பாத்தில் விழுந்தது. அன்றே முடிவு செய்தேன், சபை என்றால் வெளியில் ஒரே குரலாகத்தான் கேட்க வேண்டும் என்று. தோற்றவரும் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். குறிப்பில் ‘ஏகமனதாக’ என்று வர வேண்டும். இதை நான் வழக்கமாக்கினேன்.

வழி சுலபமானது. சபையில் பதினொரு பேர். ஐந்து பேர் உணவகங்களில் வேலை செய்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்களால் வர முடியாது. வாக்களிக்கும் உரிமையை எனக்கு எழுதிக் கொடுப்பார்கள். வருடத் தொடக்கத்திலேயே பன்னிரண்டு மாதத்துக்கும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார்கள். அந்த ஐந்தும் என்னுடையதும் சேர்ந்தால் ஆறு. ஆகவே எந்த விடயத்திலும் வாக்கெடுப்புக்கு அவசியம் இருந்ததில்லை. குறிப்பையும் நான் முதல் நாளே வீட்டில் தட்டச்சு செய்து கொண்டுவருவேன். நேரம் மிச்சம்.

இனி நிலவறைக்கு வருகிறேன். நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கட்டடத்துக்கு, பாரிஸின் எல்லாப் பழைய கட்டடங்களையும் போல, கீழே ஒரு காவ் உண்டு. ஈரச் சுவர், எலிப் பீ, யாரோ விட்டுப்போன வெங்காய மூட்டையின் நாற்றம். விளக்கின் பொத்தான் கதவுக்கு வெளியே இருக்கிறது. அமத்தினால் இரண்டு நிமிடம் எரியும், பிறகு தானாக அணைந்துவிடும்.

வகுப்பில் பிரெஞ்சு பேசும் பிள்ளை அங்கே பத்து நிமிடம் தனியே இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் நான் கொண்டுவந்த தீர்மானம் இது. ‘அமைதி அறை’ என்று எழுதினோம். இங்கே பிறந்த பிள்ளைகள் தாய் கேட்பதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு அது வாயில் எதையோ வைத்துக் குதப்புவது போல இருக்கும். ஆசிரியர்கள் மனமிளகி முன்னதாகவே திறந்துவிட்டார்கள். அதனால் சாவியை நான் வைத்துக்கொண்டேன். பொறுப்பு ஒருவரிடம்தான் இருக்க வேண்டும்.

போன புரட்டாதியில் பெற்றோர் சார்பில் மிருணாளினி சபைக்கு வந்தார். பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் இருப்பவர், பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. மகள் அக்‌ஷராவுக்கு எட்டு வயது. இந்தப் பெண் ரோல்ஸ் தின்னமாட்டார், குறிப்பெழுதப் பேனை கொண்டுவருவார், நேரத்துக்கு வருவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. தை மாதக் கூட்டத்துக்கு அவர் எழுத்தில் ஒரு விடயம் அனுப்பினார். அமைதி அறையை நிறுத்த வேண்டும். முறைப்படி நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாகச் சேர்த்தேன். அதை மறைக்க நினைக்கவில்லை.

கூட்டம் நடந்த அந்த ஞாயிறு பின்னேரம் நாலு பத்துக்கு அக்‌ஷராவின் வகுப்பு ஆசிரியர் உதயன் மாஸ்டர் அக்‌ஷராவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். குளிர்கிறது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டாளாம், இரண்டு தடவை. தாய் அப்போது முன் மண்டபத்தில் கூட்டத்துக்கு உட்காரக் கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார், இதைக் காணவில்லை. பிள்ளைக்கு இழுப்பு இருப்பது எனக்குத் தெரியும். சேர்வுப் படிவத்தில் எழுதியிருந்தது, அந்தப் படிவத்தில் கையொப்பமிட்டவன் நான். மூச்சுக்கு அடிக்கும் பம்ப் அவளுடைய கோட்டில் இருந்தது, கோட்டு வகுப்பறைக் கொளுவியில் தொங்கியது. ஆனாலும் சபை உறுப்பினரின் பிள்ளை என்பதற்காக விட்டால் மற்றப் பெற்றோர் என்ன கதைப்பார்கள்? வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கும் தலைவர்களைக் கண்டால் எனக்கு அருவருப்பு. இறக்கிவிட்டுப் பூட்டினேன். பொத்தானை அமத்திவிட்டுத்தான் வந்தேன்.

நாலே காலுக்குக் கூட்டம் தொடங்கியது. முதல் ஐந்தும் சில்லறை விடயங்கள், பத்து நிமிடத்தில் முடிந்தன. ஆறாவதைத் தொடங்கும்போது மணி நாலு இருபத்தைந்து. நான் எழுந்து சாவியோடு போயிருந்தால் மிருணாளினி கேட்டிருப்பார், யாரைத் திறக்கப் போகிறீர்கள் என்று. பதிலைக் கேட்ட பிறகு அந்த அறையில் ஒழுங்காக ஒரு விவாதம் நடந்திருக்குமா? கூச்சல், அழுகை, பிறகு பள்ளி மூன்றாவது தடவை உடைந்திருக்கும். ஆகவே இருந்தேன்.

அவர் நன்றாகப் பேசினார். எழுதி வைத்துக்கொண்டு பேசினார்.

“இஞ்சை வாற பிள்ளையள் தமிழெண்டாலே பயப்பிடுதுகள், அண்ணை. என்ரை மகள் சனிக்கிழமையிலை சாப்பிடவே மாட்டாள். கேட்டால், நாளைக்குக் காவுக்கை விடுவினமோ எண்டு கேக்கிறாள்.”

செயலாளர் ஸ்ரீபன் தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது ரோல்ஸை எடுத்தார். உதட்டோரத்தில் உருளைக்கிழங்கு ஒட்டியிருந்தது. ஒரு தாய் இப்படிப் பேசும்போது ஒரு மனிதன் எப்படி மெல்லுகிறான் என்று நினைத்தேன்.

நாலரைக்கு உதயன் வந்து என் காதோடு சொன்னார்.

“அண்ணை, பத்து நிமிசம் எப்பவோ முடிஞ்சிட்டுது. பிள்ளை இருமுறாள். திறந்துவிடட்டோ?”

“கூட்டம் முடியட்டும்,” என்றேன். அவர் என் சட்டைப் பையில் இருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார். நாற்பது வயது மனிதன், ஒரு சொல் உரக்கச் சொல்லத் துணிவில்லை. அப்படிப்பட்டவர்களை என்ன செய்வது? அவரையும் விசாரித்திருப்பீர்கள்.

அதன் பிறகு தட்டும் சத்தம் கேட்டது. கீழேயிருந்து, கட்டடத்தைச் சூடாக்கும் இரும்புக் குழாயில் ஏறி வந்தது. எதாலோ தட்டியிருக்கிறாள், சப்பாத்தால் என்று பிறகு தெரிந்தது. மிருணாளினி பேச்சை நிறுத்தினார்.

“அது என்ன சத்தம், அண்ணை?”

“பழைய கட்டிடம், தங்கச்சி. சூடு ஏறேக்கை குழாய் அடிக்கும். நீங்கள் சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். இன்னும் ஆறு நிமிடம் பேசினார். நான் இடைமறிக்கவில்லை. சத்தம் விட்டுவிட்டு வந்தது, பிறகு மெல்லக் குறைந்து நின்றது. நின்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

பிறகு என் முறை. ஐந்து கையெழுத்துத் தாள்களையும் மேசையில் வைத்தேன். அவருக்குப் புரிந்தது. முகம் வாடியது. இப்படியான நேரத்தில்தான் தலைவர் என்பவர் தேவை, வென்ற பிறகு கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். “உங்கடை மனம் நோகாமல் ஒரு வரி சேர்ப்பம்,” என்றேன். ‘அமைதி அறை தொடரும்’ என்று முதல் நாளே தட்டச்சு செய்த தீர்மானத்தின் கீழே என் கையாலேயே எழுதினேன்: மூச்சு வருத்தம் உள்ள பிள்ளைகளை அமைதி அறைக்கு அனுப்புவதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

“பெரிய உபகாரம், அண்ணை,” என்றார்.

தாள் கையெழுத்துக்காகச் சுற்றில் போனபோது நான் எழுந்து கீழே போனேன். நாலு ஐம்பது. கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவள் கதவோடு சாய்ந்து கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள், அது என் கையில் பட்டது. உதடு நீலம். ஆனால் மூச்சு இருந்தது, மெல்லிய விசில் மாதிரி. அந்த வெங்காய நாற்றமும் இதுவும் சேர்ந்து என்னால் நிற்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தேன். கையைக் கழுவினேன். ஒரு கையெழுத்து மிச்சம் இருந்தது, மிருணாளினியுடையது. அது இல்லாமல் நான் உதவிக்கு அழைத்திருந்தால், பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு தீர்மானம் அரைகுறையாக நின்றிருக்கும்.

அவர் கையெழுத்துப் போட்டார். தாளை வாங்கிக் கோப்பில் வைத்தேன். அதன் பிறகுதான் அவசர வண்டிக்கு அழைத்தேன், நாலு ஐம்பத்தொன்பதுக்கு. அவர்கள் வரும்போது பிள்ளைக்கு மூச்சு இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான், மதாம். ஆம், பிள்ளைக்கு இழுப்பு என்று எனக்குத் தெரியும். ஆம், சாவி என்னிடம்தான் இருந்தது. பூட்டியது, திறக்காதது, திறந்தும் மூடியது, மூன்றும் நான்.

ஒன்று மட்டும் நீதிபதியிடம் சொல்லுங்கள். மற்றவர்கள் எல்லாரும் தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். மிருணாளினி மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக வாசித்தார், நான் சேர்த்த வரியை இரண்டு தடவை வாசித்தார். அப்படியான ஆட்கள் சபைக்கு வேண்டும் என்று நான் எப்போதும் சொல்பவன். ஆனால் அன்றைக்கு அவர் கொஞ்சம் கெதியாக வாசித்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும்.