பனி வந்த பெட்டி

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலின் ஸ்டேஷனிலிருந்து காலை ரயில் கிளம்பியதும், என் எதிரே இருந்த டீச்சர் பக்கத்திலிருந்த, வயதில் மூத்த பெண்ணிடம் கனவு கலையாதவர் போலச் சொன்னார்: “நேத்து என் கிளாஸ்ல பனி கொட்டுச்சிக்கா.”

“இன்னாடி சொல்ற?”

“வெளிநாட்டு சங்கம் ஒண்ணு எங்க ஸ்கூலுக்குப் பெட்டி நெறைய கதை புக்கு அனுப்புச்சாங்க. எதைத் தொறந்தாலும் வெள்ளைப் பனி. அதுல சறுக்கி விளையாடுற பசங்க.”

“நம்ம பசங்களுக்கு இன்னா புரியும்?”

“நானும் அப்டிதான் நெனச்சேன். நாலாவது படிக்கிற ஸ்டெல்லா இதுவரைக்கும் ஒரு வரி சத்தமா படிச்சதில்ல. அவ ஒரு புக்கை எடுத்துனு வந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி கடைசி வரைக்கும் படிச்சிட்டாக்கா. எனக்கு அழுகையே வந்துச்சி.”

ஜன்னலுக்கு வெளியே, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சுரங்க மண் வெயிலில் வெளுத்த மலையாக மெல்ல நகர்ந்தது. டீச்சர் அதைக் காட்டினார்.

“படிச்சி முடிச்சிட்டு, ‘மிஸ், இவங்க ஊர்லயும் மைன்ஸை மூடிட்டாங்களா? நம்மள மாதிரியே மண்ணு மலையில சறுக்குறாங்களே’ன்னு கேட்டா.”

“நீ இன்னா சொன்ன?”

“அது மண்ணு இல்லம்மா, வானத்துலருந்து உழறதுன்னு சொன்னேன். அவ ஜன்னலாண்ட போய் நின்னா. பெல் அடிக்கிற வரைக்கும் மேலயே பாத்துனு இருந்தா.”