நட்டில் வைத்த பொட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் மூத்தவர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

“பொட்டு அழிஞ்சிடும்னுதான் மச்சான், ஸ்பேனர் போடவே விடல ஒங்க அக்கா.”

இளையவர் மெக்கானிக். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

“கார்ல அலாய் வீல் மாட்டுனப்பவே சொன்னேனே மாமா, அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் நட்டு தளரும், திருப்பி முறுக்கணும்னு?”

“புது சக்கரம், கண்ணு பட்டுடும்னு பூஜை போட்டு, ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனம் குங்குமம் வச்சிருக்கா.”

“அந்தப் பொட்டா மாமா சக்கரத்தப் புடிச்சுக்கும்? இப்ப கார் எங்க?”

“டிரைவர் போட்டு அவளும் புள்ளைங்களும் ஸ்ரீமுஷ்ணம் போறாங்க.”

இளையவர் உடனே போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறைதான் எடுத்தார்கள்.

“அக்கா, வண்டி ஆடுதா? எப்பலேர்ந்து? மொதல்ல ஓரங்கட்டச் சொல்லு. புள்ளைங்கள எறக்கு.”

மூத்தவர் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எறங்கியாச்சா? இப்ப ஒவ்வொரு சக்கரமா பாரு. நாலு நட்டு, நாலு பொட்டு இருக்கணும். எண்ணிச் சொல்லு.”

அக்கா சொல்லச் சொல்ல இளையவரும் சொன்னார்.

“நாலு. நாலு. நாலு.”

நாலாவது சக்கரத்துக்குப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“என்ன மச்சான்?” என்றார் மூத்தவர்.

“டிரைவர் பக்கத்து முன்சக்கரத்துல ஒரே ஒரு பொட்டுதான் இருக்காம் மாமா.”