பிரேக் நல்லாப் பிடிக்குதுங்க

அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சோப்புத் தண்ணி தெறிக்கும். எம் பொண்ணு சட்டை இது. தவழ்ந்து வந்து இந்த வண்டிச் செயினைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுட்டா. முன்னாடி பூராவும் கிரீஸு. காலையிலேருந்து தேய்க்கிறேன், கறை அப்படியே இருக்கு, சட்டைதான் வெளுத்துப் போச்சு.

ஆமாண்ணே, இதே வண்டிதான். எங்க வீட்டுக்காரர்தான் உங்க கடைக்குப் போன் பண்ணினார். அவர் வேலைக்குப் போயிட்டார், பஸ்ஸுல. சாயங்காலம் வந்துடுவார். அதுக்குள்ள முடிச்சுடுவீங்களா? இன்னைக்கேவா? இல்ல, சும்மாதான் கேட்டேன். அவசரமே இல்லண்ணே. முதல்ல அந்த ஸ்டூல்ல உக்காருங்க. பையை அப்புறம் பிரிக்கலாம்.

டேங்க்கா? எல்லாரும் அதைத்தான் முதல்ல பார்க்கிறாங்க. இந்தப் பக்கமும் நீலம், அந்தப் பக்கமும் நீலம். ஆனா ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி இல்ல. தெருக்கோடியில டயர் தொங்கவிட்ட கடை ஒண்ணு இருக்கே, அந்த மெக்கானிக் பண்ணினதுதான். தெரியாதா? ஒல்லியா உயரமா இருப்பார். பேசினா தரையைப் பார்த்துத்தான் பேசுவார். வீடு வாசல்னு ஒண்ணும் கிடையாது, கடையிலயே ஒரு ஓரமா ஸ்டவ் வச்சிருக்கார்.

நாங்க பெயின்ட் அடிக்கக் குடுக்கலண்ணே. பிரேக் லூசா இருக்குன்னு குடுத்தோம், அவ்வளவுதான். அவரும் டைட் பண்ணிட்டு, எப்படி இருக்குன்னு பார்க்க ஒரு சுத்து ஓட்டிட்டுப் போயிருக்கார். திருப்பத்துல ஒரு நாய்க்குட்டி குறுக்க வந்திருக்கு. பிரேக்கைப் பிடிச்சார். வண்டி நின்னுடுச்சு. அவரு நிக்கல. அவரு பாட்டுக்கு முன்னால போய் விழுந்திருக்கார், வண்டி சாக்கடையில சாய்ஞ்சுடுச்சு. ஹேண்டில் கோணி, ஹெட்லைட் நொறுங்கி, டேங்க் ஒரு பக்கம் சப்பிப் போய். நாய்க்குட்டிக்கு ஒண்ணும் ஆகல. உக்காந்து பார்த்துச்சாம்.

அதை அப்படியே தள்ளிக்கிட்டு நேரா இங்க வந்துட்டார். முழங்கையெல்லாம் ரத்தம். நான் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தேன், எழுந்திருக்க முடியல. எங்க நாத்தனார்தான் போய்க் கதவைத் திறந்தாங்க. எங்க வீட்டுக்காரரோட அக்கா. இந்த மனுஷன் என்ன சொல்லணும்? விழுந்துட்டேன்னு சொல்லணும், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லணும். பிரேக் நல்லாப் பிடிக்குதுங்கன்னார்.

சிரிங்கண்ணே, பரவாயில்ல. நானும் உள்ள வாயைப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தேன்.

அக்கா ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தாங்க, அவரைப் பார்த்தாங்க. பிரேக் பிடிச்சுதா, இல்ல உங்களுக்குச் சனி பிடிச்சுதான்னு கேட்டாங்க. அப்புறம் நிறுத்தவே இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் வெளிய வந்துட்டாங்க.

இதுல என்ன இருக்குன்னு நினைப்பீங்க. அண்ணே, அவங்க இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து வாயே திறந்ததில்ல. வாழப் போன இடம் சரியில்ல. என்ன நடந்துச்சோ, ஒரு நாள் ஒத்தைப் பையோட வந்து நின்னாங்க. ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, எல்லாம் தீர்ந்தும் போச்சு. நாங்களும் கேக்கல, அவங்களும் சொல்லல. வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிட்டுச் செய்வாங்க. பெருக்குவாங்க, துணி மடிப்பாங்க, பிள்ளையை மடியிலயே வச்சிருப்பாங்க. பேச்சு மட்டும் கிடையாது. சாப்பிட வாங்கக்கான்னா, ம். மழை வருதுக்கான்னா, ம். எங்க வீட்டுக்காரர் பயந்துபோய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். டாக்டர் வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, தொண்டை நல்லாத்தான் இருக்குன்னுட்டார்.

நான் பேச்சுக் குடுக்கலாம்தான். ஆனா நானே ஒரு பேசாமடந்தை. பலசரக்குக் கடையில கூட விரலை நீட்டிக் காட்டித்தான் வாங்குவேன். இன்னைக்குத்தான் உங்ககிட்ட இவ்வளவு பேசறேன், எனக்கே கூச்சமா இருக்கு. ரெண்டு பேரும் ஒரே சமையலறையில நிப்போம். குக்கர்தான் பேசும்.

அப்படி இருந்த வீட்டுல, அன்னைக்கு அந்தத் திட்டு. சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வந்து, அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்னு கிளம்பினார். நீ சும்மா இருடா, நான் பார்த்துக்கறேன்னாங்க அக்கா. அவர் செருப்பைப் போட்ட காலோட அப்படியே நின்னுட்டார். டா போட்டுக் கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சோ.

அப்புறம் அக்கா உத்தரவு போட்டுட்டாங்க. கடையில விட்டா இன்னொரு சாக்கடையில தள்ளிடுவார், இங்கயே வந்து என் கண்ணு முன்னாடி சரி பண்ணட்டும்னு. அவரும் கடையைச் சாத்திட்டு தினம் சாயங்காலம் வந்துடுவார். அக்கா நீங்க உக்காந்திருக்கிற இதே ஸ்டூலைப் போட்டு, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காருவாங்க. கைராசிக்காரர்னு பேர் வச்சிருக்காங்க அவருக்கு. கைராசிக்காரர் வந்தாச்சா, இன்னைக்கு எதை உடைக்கறதா உத்தேசம்னு ஆரம்பிப்பாங்க.

அந்தக் கண்ணாடியைத் திருப்பிப் பாருங்களேன். அதுக்கு ஒரு நாள் பூராவும் சண்டை. பின்னாடி வர்ற வண்டி தெரியணும், என் மூஞ்சி தெரியுதே, இதென்ன பவுடர் பூசிக்கவான்னாங்க. பூசிக்கலாங்கன்னார் அவரு. பெயின்ட் அடிச்ச அன்னைக்கு, இது நீலமான்னாங்க. நீலம்தாங்க. அப்ப அந்தப் பக்கம் இருக்கிறது என்ன? அதுவும் நீலம்தாங்க. உங்க கண்ணுக்கு வானமும் தார் ரோடும் ஒண்ணான்னாங்க. இருட்டினப்புறம் ஒண்ணுதாங்கன்னார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனா சொன்னார்.

ஒரு நாள் திட்டிக்கிட்டே டீயைக் கொண்டு வந்து வச்சாங்க. டீயை வைக்கிறப்பவும் திட்டு நிக்கல. சர்க்கரை சரியா இருக்கான்னு அதையும் ஒரு திட்டு மாதிரிதான் கேட்டாங்க.

இன்ஜினா? அதுக்கென்னண்ணே அவசரம், ஹெட்லைட்டைப் பாருங்க, அது புதுசு. அந்த லைட்டுக்கே ஒரு கதை இருக்கு. நான் சமையலறை ஜன்னல்லேருந்து பார்த்தேன். அக்கா டீ எடுக்க உள்ள வந்திருந்தாங்க. அவரு பல்பை மாட்டினார், பளிச்சுன்னு எரிஞ்சுது. அக்கம்பக்கம் பார்த்தார். கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டார். அக்கா வந்ததும், இன்னும் எரியலைங்க, நாளைக்குப் பார்க்கணும்னார்.

நான் ஜன்னலை மெதுவாச் சாத்திட்டேன்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது? நல்லவர்தான், அக்கான்னா உசிரு. ஆனா எதையும் போட்டு உடைச்சாத்தான் அவருக்குத் திருப்தி. ரெண்டு பேரையும் எதிர் எதிர்ல உக்கார வச்சு, என்ன விஷயம், ஆமாவா இல்லையான்னு கேட்டுடுவார். கேட்டா இதுங்க ரெண்டும் நத்தை மாதிரி உள்ள இழுத்துக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் வெளிய வராது. எங்க வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு. தினம் பஸ்ஸுல இடிபட்டு, வேலைக்கு லேட்டாப் போய் மேலதிகாரிகிட்டப் பேச்சு வாங்கறார். நேத்துப் பொறுக்க முடியாம, இன்னைக்கு முடிச்சா முடி, இல்லைன்னா இந்தப் பக்கம் வராதேன்னு அந்த மெக்கானிக்கிட்டக் கத்திட்டார்.

முடிச்சுட்டார்ண்ணே. நிஜமாவே முடிச்சுட்டார். ஒரு உதை, கிளம்பிடுச்சு. தெருவை ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து நிறுத்தினார். நல்ல சத்தம், எல்லா லைட்டும் எரியுது. துணியை எடுத்துக் கையைத் துடைச்சார். துடைச்ச கையையே திரும்பத் திரும்பத் துடைச்சார். அப்ப நாளையிலேருந்து வர வேண்டியிருக்காதுங்கன்னு தரையைப் பார்த்துச் சொன்னார். சொல்லிட்டு நின்னார். அக்கா ஏதாவது சொல்லுவாங்க, நீலம் சரியில்ல, சீட்டு கோணல், எதையாவது சொல்லுவாங்கன்னு நானும் உள்ள நின்னேன்.

ம்னாங்க.

அந்த ம் இருக்கே, அது பழைய ம்ண்ணே. அதுக்கப்புறம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், ம். பிள்ளை சிரிக்கிறா பாருங்கக்கான்னேன், ம்.

காலையில எங்க வீட்டுக்காரர் குளிச்சு, தலை சீவி, பெரிய மாப்பிள்ளை மாதிரி வந்து வண்டியை உதைச்சார். புஸ்ஸுன்னுச்சு. திரும்ப உதைச்சார், புஸ். வேர்த்து விறுவிறுத்து, ஏமாத்திட்டான், இனிமே அவன் இந்தப் படி ஏறினா காலை உடைச்சுடுவேன்னு கத்திட்டு, உங்களுக்குப் போன் பண்ணிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அண்ணே, அந்த ரப்பர் மூடியை எதுக்கு இழுக்கறீங்க? சரி, பார்த்துட்டீங்க. பிளக் இல்லதான். தேடாதீங்க, கீழ விழலை. அவரு மேல சந்தேகப்படாதீங்க, பாவம் அவரு ஒழுங்காத்தான் மாட்டிட்டுப் போனார். அது என் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். பாருங்க, இதானே? பால் காய்ச்ச எழுந்தப்போ கழட்டினேன். அவரு ஸ்பேனர் பையை இங்கயே வச்சுட்டுப் போயிருந்தார். மறந்தாரோ, வேணும்னே விட்டாரோ. இந்த இடத்துலதான் நெருப்புப் பிடிக்குங்க, இது இல்லைன்னா வண்டி வெறும் இரும்புன்னு ஒரு நாள் அக்காவுக்குக் கழட்டிக் காட்டினார், நான் ஜன்னல்லேருந்து பார்த்தேன். பாட்டில் மூடியைத் தவிர எதையும் திருகினதில்லண்ணே நான். வண்டி ஓடலைன்னா அவரைத் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன். உங்களைக் கூப்பிடுவார்னு யாரு கண்டா?

நான் ஒண்ணு கேட்கலாமா? உங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டாமே. ஒருத்தர் பிரிச்ச வண்டியில இன்னொருத்தர் கை வைக்க மாட்டாங்களாமே. அவரு அக்காகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தார். நிஜம்தானா? அப்பாடா.

இருங்க, வாசல்ல ஏதோ பேச்சுக் குரல். அவருதான் போலிருக்கு, பையை எடுக்க வந்திருப்பார். அக்காதான் கதவைத் திறந்திருக்காங்க. கேக்குதா? என்ன வேலை பார்த்தீங்க நீங்க, காலையில வண்டி கிளம்பவே இல்ல, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தீங்கன்னு… ஐயோ, தெருவுக்கே கேக்கும் இந்தக் குரல்.

வர்றேங்க்கா! கையில சோப்பு! ஆமாங்க்கா, கேட்டுச்சு, பிள்ளையைப் பிடிக்கணும், வந்துட்டேன்!

அண்ணே, சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டார்னா, இது அடுத்தவர் பிரிச்ச வண்டி, நான் தொட மாட்டேன், அந்த ஆளையே வந்து முடிக்கச் சொல்லுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை மட்டும் நீங்க…