ஒற்றைச் செருப்பன் செய்யாத துரோகம்

சத்தமாக வாசிக்கிறவர்களுக்குத் தொண்டை சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் வாசிக்க உட்காரும்போதெல்லாம் வெந்நீரை ஆற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். கொதிக்க வைக்காத தண்ணீர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் படாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் அம்மா. தண்ணீரைப் பற்றி நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

என் தம்பியை வளர்த்தது நான். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. தையல் மெஷினை மிதித்து அவனை ஆளாக்கினேன். யாரிடமும் கை நீட்டவில்லை. ஒரு நாளும் பிரார்த்தனை தவறியதில்லை. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி என் வீட்டிலிருந்துதான் போகும். விசாரித்துப் பாருங்கள்.

தம்பிக்குக் கோட்டைக் கதைகள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஏழு தடிப் புத்தகங்கள். பறக்கும் ஓநாய்கள், மறதிக்கார மந்திரவாதி, கழுகரசி, ஒரு கால் செருப்பைத் தொலைத்துவிட்டு மற்றதோடு திரியும் காவல்காரன் ஒருவன். அவனுக்கு ஒற்றைச் செருப்பன் என்று பெயர். எல்லோரையும்விடத் தம்பிக்கு அவனைத்தான் பிடிக்கும். முன்பு ஒருமுறை, வீட்டில் இடமில்லையே என்று முதல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும், வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பான். "எங்க அக்காகிட்ட புத்தகத்தக் குடுக்காதீங்க, எடை போட்டுடுவா."

அந்தச் சிரிப்பில் அதிகமாகச் சேர்ந்துகொள்கிறவன் நெட்டையன். காகித ஆலையில் தம்பியோடு வேலை பார்க்கிறவன். அவனும் அந்தப் புத்தகங்களில் பைத்தியம். சாவி, குடை, சாப்பாட்டு டப்பா என்று எதையாவது தொலைத்துக்கொண்டே இருப்பதால் தம்பி அவனையும் "செருப்பா" என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு நாள் அவன் மறந்தது குழாய் மூடியை முறுக்க. காகிதக் கூழ் வேகவைக்கும் காரக் கரைசல் தம்பியின் முகத்தில் அடித்தது. ஒரு கண் அங்கேயே போயிற்று. இன்னொன்றில் வேறொருவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள்.

நெட்டையன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதான். கட்டுப் போட்ட கண்ணோடு தம்பி சொன்னது இவ்வளவுதான்: "வேணும்னேவா பண்ணே? மறந்துட்டே. உள்ள வாடா."

ஒரு புத்தகத்துக்கு ஒரு மாதம். இரண்டு கண்ணுக்கு ஒரு வார்த்தை. நான் கணக்குப் பார்க்கிறவள் இல்லை. ஆனால் காதில் விழுந்தது, விழுந்ததுதானே.

வீட்டுக்கு வந்ததும் நான்காவது புத்தகத்தை யாராவது படித்துக் காட்ட வேண்டும் என்றான். முதல் மூன்றும் அவனே படித்தவை. நெட்டையன் ஆசையாக எடுத்தான். அரைப் பக்கம் போவதற்குள் தம்பி, "டேய், நீ படிச்சா ஓநாயே கொட்டாவி விடும். அக்காகிட்ட குடு" என்றான். எனக்குக் குரல் நன்றாக வரும். அரசிக்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒரு குரல். நான் வாசிக்கும்போது தம்பி மூச்சு விடாமல் கேட்பான். அவன் என்னை அப்படிக் கேட்டது அதற்கு முன் இல்லை.

நான்காவது புத்தகத்தில் ஒற்றைச் செருப்பன் காவலில் அசந்து தூங்கிவிடுகிறான். பகைவர்கள் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். தளபதிக்கு ஒரு கை போகிறது. அடுத்த பக்கத்தில் அந்தத் தளபதி அவனிடம், "அசந்துட்டே. நாளைக்கும் நீயே காவல் நில்லு" என்கிறார். அவ்வளவுதான். மன்னிப்பாம்.

அதை வாசிக்க என் நாக்கு எழவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பிறகு, அவன் தூங்கவே இல்லை, தூங்குவதுபோல் படுத்திருந்து கதவை அவனே திறந்துவிட்டான் என்று வாசித்தேன்.

"அவனா?" என்றான் தம்பி. "அவன் அப்படிப்பட்ட ஆளு இல்லையே அக்கா."

"எனக்கென்னடா தெரியும்? எழுதினவர் எழுதியிருக்கார்."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தேன். சின்ன வயதில் செய்ததுபோல.

அதன் பிறகு கஷ்டமாக இல்லை. அந்த மனிதர்களுக்கு ஏற்கெனவே குறைகள் இருந்தன அம்மா. எழுதியவர் அவற்றை மச்சம்போல அழகாக விட்டிருந்தார். நான் கொஞ்சம் படரவிட்டேன். அரசிக்குக் கண்ணாடி பார்க்கும் ஆசை. என் வாசிப்பில் அவள் காயம்பட்டவர்களின் முகத்தைப் பார்த்து முதுகுக்குப் பின்னால் சிரித்தாள். மந்திரவாதியின் மறதி வெறும் நடிப்பு என்றாயிற்று. ஒவ்வொருவராகத் தம்பியின் மனசை விட்டு இறங்கிப் போனார்கள். கடைசியில் அந்த அறையில் நானும் அவனும்தான் இருந்தோம்.

நெட்டையன் வந்துகொண்டுதான் இருந்தான். தேநீர் கொடுத்தால், கோப்பையின் காதைத் தம்பியின் கைப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் தன்னுடையதை எடுப்பான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அது தோன்றியதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவேன்.

ஒரு நாள் தம்பி அவனிடம் கேட்டான். "நெஜமாவே மறந்துதான் போனியாடா?"

நெட்டையன் கோப்பையைக் கீழே வைத்தான். "என்னடா இப்படிக் கேக்குறே?"

"சும்மாதான் கேட்டேன்."

அதன் பிறகு அவன் வருவது குறைந்தது. அந்த நாட்கள் நன்றாக இருந்தன.

டாக்டர் நல்லவர். "கண்ணு ஒட்டிக்கிச்சும்மா. சொட்டு மருந்த ஒரு வேளைகூடத் தவறவிடாதீங்க. சீக்கிரமே தானா புத்தகம் படிப்பார்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தம்பி குதித்தான். "முதல்ல நாலாவது புத்தகத்தத் திரும்பப் படிக்கணும் அக்கா. செருப்பன் ஏன் அப்படிப் பண்ணான்னு எனக்கு இன்னும் பிடிபடல."

நான் அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். பிரார்த்தனையும் செய்தேன். அவன் படித்தால் என்ன நினைப்பான்? பேப்பர்காரனிடம் போட்டதற்கே ஒரு மாதம்.

மருந்தை நான் கொட்டவில்லை. பொருளை வீணாக்குவது எனக்கு ஆகாது. வேறொரு குப்பியில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். அதை நீங்களே எடுத்திருக்கிறீர்கள். மருந்துக் குப்பியில் ஆற்றிய தண்ணீரை நிரப்பினேன். கொதிக்க வைத்ததுதான். வேளை தவறாமல் விட்டேன். ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தால்கூட முந்தானையால் ஒற்றி எடுப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன்.

"முன்னெல்லாம் எரியுமே அக்கா. இப்ப எரியவே இல்லையே?"

"ஆறிட்டு வருதுன்னு அர்த்தம்டா."

ஆறாவது புத்தகம் முடியும்போது, ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டே வருகிறது என்றான். ஆறுகிற கண்ணுக்கு அது வழக்கம்தான் என்றேன்.

நான் பிரார்த்தனைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் நெட்டையன் வந்திருக்கிறான். திரும்பி வந்தபோது அவன் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மடியில் நான்காவது புத்தகம்.

"அக்கா, கோட்டைக் கதவு தொறக்குற இடத்தப் படி."

வாசித்தேன். என்னுடைய விதமாகத்தான். இத்தனை நாளில் அதுதான் எனக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. முடித்து நிமிர்ந்தபோது நெட்டையன் ஈரக் கையோடு வாசற்படியில் நின்றான்.

"புக்குல அப்படி இல்லையே அக்கா," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இப்பத்தான் அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒற்றைச் செருப்பன் தூங்கித்தான் போனான்."

தம்பி கையை நீட்டிப் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். பிறகு அவன் கேட்டது புத்தகத்தைப் பற்றி இல்லை.

"அந்தச் சொட்டு மருந்து ஏன் எரியல?"

நெட்டையன் குப்பியை எடுத்துத் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டான். மென்று பார்ப்பதுபோல் வாயை அசைத்தான். பிறகு, "வெறும் தண்ணிடா" என்று சொல்லிவிட்டுத் தம்பியை எழுப்பி நிற்கவைத்துச் செருப்பை மாட்டிவிட்டான். இரண்டு கால்களுக்கும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது கருவிழி வெளுத்துப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். இனி ஒட்டாதாம்.

புகார் டாக்டருடையது என்கிறீர்கள். தம்பி புகார் கொடுக்கவில்லை. "எங்க அக்கா மறந்துபோய்க் குப்பிய மாத்தியிருப்பா" என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறான் என்கிறீர்கள். நெட்டையன்தான் அவன் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தானாம். நானும் அப்படியே சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்பது உங்கள் குரலிலேயே தெரிகிறது. உங்களுக்கு நல்ல மனசு.

ஆனால் நெட்டையனுக்குக் கொடுத்த அதே மன்னிப்பைத் தம்பி எனக்கும் கொடுக்கிறான் பாருங்கள். அந்த மறதிக்காரனோடு என்னைச் சேர்க்கிறான். அதனால்தான் இவ்வளவு நேரம் பேசினேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. தெரிந்துதான் மாற்றினேன், ஒவ்வொரு வேளையும் தெரிந்துதான் விட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன்மேல் உள்ள அன்பினால் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேநீர் வேண்டாம் அம்மா. கோப்பையின் காதை வேறு என் கைப்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். எதற்கு அதெல்லாம்? எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.