ஜெனிஷாவின் இரண்டாவது நோட்டு

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, கும்மிடிப்பூண்டி பஜாரில் மருந்துக்கடை வைத்திருக்கிற தேசப்பனைக் கேட்டால் சொல்வார். டாக்டர் லோகநாதன் எழுதுகிற சீட்டு மறுநாள் அவருக்கே புரியாது. பக்கத்திலேயே நான் தெளிவாக எழுதிக் கொடுத்துவிடுவேன். இருபத்தாறு வருஷம் அவரிடம் கம்பவுண்டராக இருந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் மருந்துப் பெயரைத் தப்பாக எழுதிவிட்டாய் என்று யாரும் வந்து நின்றதில்லை.

அதனால்தான் இன்ஸ்பெக்டர் மேடம், நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். அதில் 'கைத்தவறு' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வக்கீல்தான் அப்படிச் சொல்லச் சொன்னார். என் மனைவி ஹெலனும் அழுதுகொண்டே அதையே சொன்னாள். கைத்தவறு என்றால் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாமாம். யோசித்துப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. இன்றைக்குத் திருவள்ளூர் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவதற்குள் சரியானதை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கிளினிக்கில் ஒரு பழக்கம் உண்டு. வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற நாற்பது பக்க நோட்டுதான். அது கிளினிக்கிலேயே இருக்கும். எளாவூர், கவரைப்பேட்டை, புதுவாயல் என்று ஊர்வாரியாக அலமாரியில் அடுக்கி வைத்திருப்பேன். எடை, காய்ச்சல், போட்ட ஊசி, கொடுத்த மருந்து எல்லாம் அதில் இருக்கும். ஒத்துக்கொள்ளாத மருந்தை மட்டும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுவோம்.

லோகநாதன் டாக்டருக்குக் கைராசி என்று இந்தப் பக்கமெல்லாம் பேர். படித்தவர்கள் கைராசி என்றால் சிரிப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தொட்டால் அவர்களும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவார்கள். அந்தக் கைராசியில் பாதி என் அலமாரியில் இருந்தது. பிள்ளை உள்ளே நுழையும்போதே நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைப்பேன். "போன தடவ இந்த சிரப்புக்கு வாந்தி எடுத்தா இல்ல?" என்று அவர் கேட்பார். தாய்மார்கள் வாயைப் பிளப்பார்கள். நான் ஜன்னலோரம் நின்று பஞ்சு நறுக்கிக்கொண்டிருப்பேன்.

ஸ்நேகா புதுவாயலில் குடியிருக்கிறவள். சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் ஜெரால்ட் வெல்டர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் வேலை. அவர்கள் பெண் ஜெனிஷா பிறந்த பத்தாம் நாளிலிருந்து எங்களிடம்தான் வந்தது. முதல் தடுப்பூசி அன்றைக்கு, "அண்ணே, எனுக்குப் பாக்க தைரியமில்ல, நீங்களே புடிச்சிக்கோங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு ஸ்நேகா வெளியே போய்விட்டாள். அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த ஊசியானாலும் குழந்தை என் தோளில், தாய் வராந்தாவில். ஜெனிஷா வேறு யாருக்கும் வாயைத் திறந்து காட்டாது. டாக்டர் டார்ச்சை எடுத்தால் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் 'ஆ' என்றால்தான் அதுவும் 'ஆ' என்னும்.

இரண்டு வயதில் அதற்கு ஒரு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சமாளித்துவிட்டார். வெளியே வந்து, "கொஞ்சம் தடிச்சிப்போச்சும்மா, இனிமே அது வேணாம்" என்று மட்டும் தாயிடம் சொன்னார். சிவப்பு மையில் அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

போன வருஷம் புதுவாயல் கூட்டு ரோட்டில் பிரேமா என்று ஒரு புது டாக்டர் வந்தார். குழந்தைகளுக்கென்றே படித்தவர். முப்பத்திரண்டு வயசு இருக்கும். கண்ணாடிக் கதவு, சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். போனிலேயே நேரம் வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே கிளினிக்.

ஸ்நேகா பக்கம் நின்று பார்த்தால் அவள் யோசித்தது சரிதான். ஷிப்ட் முடிந்து வேனில் புதுவாயல் வந்து இறங்கி, பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, வந்த வழியே திரும்பவும் கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டும். வந்து டோக்கன் போட்டு இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். அங்கேயானால் ரோட்டைக் கடந்தால் போதும். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நான் நியாயமாகப் பேசுகிறவன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "அண்ணே, எங்கூட்டாண்ட புச்சா ஒரு டாக்டரம்மா வந்துகிறாங்கோ. எப்பிடியாம்?" கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சின்னப் பொண்ணு. கைராசி போகப் போகத்தான் தெரியும்" என்றேன்.

அவளுக்கு இரண்டு மனசு. சளி என்றால் அங்கே, காய்ச்சல் என்றால் இங்கே என்று இரண்டு மாதம் ஓட்டினாள். அங்கே போய்வந்ததை என்னிடம் மறைப்பாள். பிள்ளையின் புறங்கையில் ஒட்டியிருக்கிற நட்சத்திர ஸ்டிக்கர் காட்டிக் கொடுத்துவிடும்.

நான் கவரைப்பேட்டைக்காரன். வீட்டுக்குப் போகிற பஸ் புதுவாயலில் நின்றுதான் போகும். அங்கே இறங்க ஆரம்பித்தேன். எதிரில் இருக்கிற டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிடக்கிற செருப்புகளை எண்ணுவேன். முதல் வாரம் ஆறு ஜோடி. தீபாவளிக்கு அப்புறம் இருபதுக்குக் குறைந்து பார்த்ததில்லை. அதில் சில செருப்புகளை எனக்கு அடையாளம் தெரியும். "இன்னாய்யா தெனிக்கும் லேட்டு? டாக்டரு ஊட்டுக்கு மருமவனா பூட்டியா?" என்று ஹெலன் கேலி செய்வாள். நான் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கண்ணாடி வழியே ஜெனிஷாவைப் பார்த்தேன். தாய் மடியில் உட்கார்ந்திருந்தது. அந்த டாக்டர் டார்ச்சை நீட்டினார். குழந்தை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுபாட்டுக்கு வாயை அகலமாகத் திறந்தது. அப்புறம் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

உங்கள் ரைட்டர் 'பொறாமை' என்று எழுதியிருக்கிறார். எழுதட்டும். வயிறு எரிந்தது உண்மைதான். நாலு வருஷம் தோளில் போட்டுத் தட்டியவன் நான். அவர் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார், காரியம் முடிந்துவிட்டது. வெறும் காய்ச்சல் பார்க்கிற விஷயத்துக்கு இப்படி எரியுமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் மாதக் கடைசியில் ஸ்நேகா தனியாக வந்தாள்.

"அண்ணே, பாப்பாவ ஸ்கூல்ல சேக்கணும். ஒடம்பு வெவரமெல்லாம் கேக்கறாங்கோ. நோட்டு குடுத்தீங்கன்னா..."

"நோட்ட வெளிய குடுக்கறதில்லம்மா."

"எழுதியாச்சும் குடுங்கண்ணே."

"டாக்டரு கைல ஒரு வார்த்த சொல்லிடேன்."

"வேணாம்ணே, அவரு மனசு சங்கடப்படும்" என்றாள். சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் டாக்டர் எதற்குச் சங்கடப்படுகிறார்? நவம்பரில் எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்க்கிறார்கள்?

டாக்டரை மாற்றுகிறவர்கள் எல்லாருக்கும் இங்கே இந்த வெட்கம் உண்டு. செய்யக் கூடாததைச் செய்கிற மாதிரி ஒளிந்து ஒளிந்து போவார்கள். நேராக உள்ளே போய், தூரமாக இருக்கிறது சார், மாறிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால் அவரே நாலு வரி எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார். கோபித்துக்கொள்கிற மனுஷர் இல்லை. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். நடந்ததில் அந்தப் பங்கு அவளுடையது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புது டாக்டரிடம் எல்லாம் இருந்தது, என் அலமாரி மட்டும் இல்லை. அதிலிருந்து ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போய் அவரிடம் கொடுக்கப் பார்த்தாள் ஸ்நேகா. அதுவும் என்னையே எழுதித் தரச் சொல்லி. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், தெரியாது. நான் சரிம்மா, நாளைக்கு வந்து வாங்கிக்கோ என்றேன்.

மறுநாள் மத்தியானம் கிளினிக் மூடியிருக்கிற நேரத்தில் புது நோட்டு ஒன்று எடுத்து உட்கார்ந்தேன். நிதானமாக எழுதினேன். முப்பத்தொரு பக்கம் வந்தது. தடுப்பூசித் தேதி, எடை, எதையும் விடவில்லை, ஒரு அடித்தல் கிடையாது. சிவப்பு மை வரியையும் விடவில்லை. டாக்டர் எழுதியிருந்த அதே இடத்தில், முதல் பக்கத்தின் தலைமாட்டில் எழுதினேன். மருந்தின் பெயர் மட்டும் வேறு.

பெயர்களை நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு நோட்டும் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு வருகிற மாதிரிக் காய்ச்சலுக்கு இந்தப் பக்கத்தில் இரண்டு ஊசியில் ஒன்றைத்தான் போடுவார்கள். ஒன்றை வேண்டாம் என்று எழுதினால் மற்றதைத்தான் எடுப்பார்கள். வரியே இல்லாமல் விட்டிருந்தால் அந்த டாக்டர் எங்களுக்குப் போன் செய்து கேட்டிருப்பார். ஏதோ ஒரு ஊசி ஆகாது என்று ஸ்நேகாவுக்குத் தெரியும், எது என்றுதான் தெரியாது. வரி இருந்ததால் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. இதையெல்லாம் யோசித்து எழுதியிருக்கிறேன் மேடம். இதற்குப் போய்க் கைத்தவறு என்று பேர் வைத்தால் எப்படி?

நான் நினைத்தது இவ்வளவுதான். உடம்பு கொஞ்சம் தடிக்கும், அரிக்கும். ஸ்நேகா பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வருவாள். அந்தம்மாவுக்குக் கைராசி இல்லை என்பாள். நான் தோளில் வாங்கிக்கொள்வேன், டாக்டர் மாற்று ஊசி போடுவார், சரியாகிவிடும். ஒரு பிள்ளை திரும்பி வந்தால் புதுவாயலே திரும்பி வரும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம் காய்ச்சல் வந்தது. பிரேமா டாக்டர் முறையாகத்தான் செய்தார். நோட்டை வாங்கிப் படித்தார். சிவப்பு வரியைத் தாயிடம் வாசித்தும் காட்டினாராம். "அதுல எல்லாம் கரெக்டா இருக்கும் மேடம், ஆசீர்வாதம் அண்ணன் எழுதுனது" என்று ஸ்நேகா சொல்லியிருக்கிறாள். பரிசோதனைக்காக முதலில் துளி மருந்துதான் போட்டார். அந்தத் துளியே ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன 108 வண்டி தச்சூர் கூட்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். ஊர்க்காரர்கள் போய் அந்தக் கிளினிக்கின் கண்ணாடியை உடைத்தது அநியாயம். அந்த டாக்டர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஸ்நேகா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒங்களாண்டயே இருந்துருக்கணும்ணே. சௌகரியம் பாத்துக்கினு எம்புள்ளய நானே வாரிக் குடுத்துட்டேன்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூடப் பட்டது. மறுவாரம் எங்கள் கிளினிக்கில் டோக்கன் நாற்பதைத் தாண்டியது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிரேமா டாக்டர் நான் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் டாக்டரைப் பார்க்க வந்தார். டாக்டர் பழைய நோட்டைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதை முன்னாலேயே கிழித்துப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். டாக்டர் கைப்பட எழுதிய நோட்டை நான் எப்படிக் கிழிப்பேன்?

நேற்று எங்கள் டாக்டர் ஸ்டேஷனுக்கு வந்தபோது நீங்களும் இருந்தீர்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஆசீர்வாதம், அன்னிக்கு அந்தக் கொழந்தைக்கு மூச்சு நின்னுபோச்சு. ரெண்டு நிமிஷம். ஒங்கையிலதான இருந்துது?"

"ஆமா சார்."

"நீலம் பூத்துப்போயி தல தொங்கிடுச்சி. போயிடுச்சி சார்னு நீதான அழுத?"

"ஆமா சார்."

"அம்மாகாரிக்கே நான் அத சொல்லல. ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான்யா தெரியும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் போட்டுக்கொள்ளாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

ஆகவே, தெரிந்தே எழுதினேன் என்று போட்டுக்கொள்ளுங்கள். என் கை தவறவில்லை. ஜெனிஷா சாவதற்கு நான் எழுதிய வரிதான் காரணம். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உடம்பு தடிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன் என்று சொல்லியிருக்கிறேனே, அதை மட்டும் அடித்துவிடாதீர்கள் மேடம். நான் அப்படித்தான் நினைத்தேன். வேறு மாதிரி நினைத்திருந்தால் அந்த வரியை எழுத ஒரு மனுஷனுக்குக் கை வருமா?